வெள்ளிக்கிழமை, கேண்டீன்

“நிறுத்து. திரும்பப் படி,” என்றாள் அக்கா.

அவன் கட்டிலோரத்து நாற்காலியில் மடிக்கணினியைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தான். “பெரிய எஃப். இந்த ஆப்ஷனைக் கொடுத்தால், கோப்பில் ஏற்கெனவே இருக்கும் லேபிளைப் பொருட்படுத்தாமல் புதிய லேபிளை ஒட்டலாம்.”

“ஒட்டலாமா? ஒட்டுமா, ஒட்டாதா?”

“ஒட்டும்க்கா.”

“அப்ப ‘ஒட்டும்’னு போடு. படிக்கிறவன் ஏற்கெனவே தலையைப் பிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அவன்கிட்டப் போய் லாம், லாம்னு இழுத்தா…” மூச்சு வாங்கியது. மீதியைக் கையை விரித்துச் சொன்னாள்.

அவன் திருத்தினான். காலை எட்டு மணிக்கு நர்ஸம்மா வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் அக்கா தெளிவாக இருப்பாள். வலியும் தூக்கமும் அவளை ஆளுக்கொரு பக்கம் இழுக்காத நேரம் அது ஒன்றுதான். கணையத்தில் கட்டி என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. ‘இன்னைக்கு நாளைக்குன்னு வச்சுக்கோங்க’ என்று டாக்டர் முந்தின நாள் அத்தானிடம் மாடிப்படியில் வைத்துச் சொல்லியிருந்தார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவளோ விடிந்ததும், “இன்னைக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிடணும்டா. லேப்டாப்பை எடுத்துட்டு வா,” என்றாள்.

அவள் எழுதுவது கதையுமில்லை, கட்டுரையுமில்லை. கணினியில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு லேபிள் உண்டு. யார் எதைத் தொடலாம், யார் கிட்டவே வரக்கூடாது என்று அதைப் பார்த்துத்தான் கணினி முடிவு செய்யும். லேபிள் கலைந்துவிட்டால், வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்திவைத்து யார் நீ என்று கேட்கும். கலைந்ததைச் சரிசெய்ய ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதன் பெயரைத் தட்டச்சு செய்து, கூடவே ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்தால் ஒரு வேலை செய்யும். இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் வேறொன்று செய்யும். எந்த எழுத்து என்ன செய்யும் என்று விளக்கி எழுதுவது அக்காவின் வேலை. அந்தக் கருவியின் நிரலை எழுதுவது அவனுடைய வேலை. ஒன்றரை வருடம்போல இருவரும் ஒரே அலுவலகத்தில், நான்கு மேசை தள்ளி உட்கார்ந்து இதைச் செய்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அத்தான், அவள் எழுதியதை எப்போதாவது எடுத்துப் படிப்பார். “ஒரு மண்ணும் புரியல. ஆனா எதைத் தொடக்கூடாதுன்னு மட்டும் நல்லாப் புரியுது. எங்க லிஃப்ட்டுக்கும் நீயே எழுதியிருந்தா எனக்கு ரெண்டு விரல் நசுங்கியிருக்காது,” என்பார்.

“அடுத்தது?” என்றாள் அக்கா.

“சின்ன என். இந்த ஆப்ஷனைக் கொடுத்தால் எதுவும் மாறாது. என்னென்ன மாறியிருக்கும் என்று காட்ட மட்டும் செய்யும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தான்.

“எச்சரிக்கை போட்டிருக்கேனா அதுல?”

“போட்டிருக்கீங்க. ‘இந்த எழுத்தை முதலில் கொடுக்கவும். பழைய பதிப்புகளில் கடைசியில் கொடுத்தால் கருவி இதைக் கவனிக்காது.’”

“தடிச்ச எழுத்துல இருக்கா?”

“இருக்குக்கா.”

“ம்.” பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “தம்பி, அன்னைக்கு நீ எங்க வச்சு என்கிட்டச் சொன்ன?”

“என்னைக்கு?”

“அந்த வெள்ளிக்கிழமை. என் டேபிள்கிட்ட வந்து சொன்னியா, இல்ல போற போக்குல சொன்னியா? நானும் எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். அன்னைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டேன்கிறது வரைக்கும் ஞாபகம் இருக்கு. நீ வந்து சொன்னது மட்டும் வரல. உன் முகமே வர மாட்டேங்குது.”

ஆறு வருடத்தில் அவள் அதைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் முறை. இப்போது சொல்லிவிடலாம். அறையில் வேறு யாருமில்லை. அக்கா மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அத்தான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான்கே வார்த்தை. நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லக்கா.

“கேண்டீன்ல,” என்றான்.

அக்கா கண்ணைத் திறந்தாள். “கேண்டீன்லயா?”

“ஆமா. டீ வாங்குற இடத்துல. கூட்டமா இருந்துச்சு.”

“அட!” அவள் முகம் லேசாகிவிட்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தாலும் சிரித்தாள். “அதானா விஷயம்! அங்கதான் ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காதே. காதுலயே விழுந்திருக்காது. நான் மறக்கல, அப்ப. எனக்குக் கேக்கவே இல்ல. ரெண்டும் வேற வேற இல்லையா?”

“வேறதான்க்கா.”

“எழுதிக்கோ, எழுதிக்கோ. நோட்டு அங்க இருக்கு பாரு. எனக்குக் கை வராது.”

தலைமாட்டில் இருந்த நோட்டை எடுத்தான். யார், எப்போது, எங்கே வைத்து, என்ன சொன்னார்கள் என்று வரி வரியாக அக்கா எழுதி வைத்திருக்கும் நோட்டு. கடைசி சில பக்கங்களில் கையெழுத்து மலையேறி இறங்கியது. அதன்கீழ் அவன் தன் கையெழுத்தில் எழுதினான்: வெள்ளிக்கிழமை, கேண்டீன்.

“நிம்மதியா இருக்குடா,” என்றாள் அக்கா. “இப்ப போய் எல்லா உதாரணத்தையும் அந்தப் பழைய மெஷின்ல ஓட்டிப் பாரு. ஒன்பது இருக்கு. ஒண்ணையும் விடாத. எல்லாம் சரியா வந்தா அனுப்பிடு.”

அவன் எழுந்து பக்கத்து அறைக்குப் போனான்.

*

அந்த வெள்ளிக்கிழமை அவன் கேண்டீன் பக்கமே போகவில்லை.

கருவியின் நிரலில், எழுத்துகளைப் படிக்கும் பகுதியை அவன் புதிதாக மாற்றி எழுதியிருந்தான். மாலை ஐந்தரை மணிக்குச் சோதித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சின்ன ‘என்’ முதலில் வந்தால் எல்லாம் சரி. கட்டளையின் கடைசியில் வந்தால் கருவி அதைக் கண்டுகொள்ளவில்லை. காட்டு என்றால் காட்டாமல், நிஜமாகவே மாற்றித் தொலைத்தது. அக்கா எழுதிய பக்கத்தில் இருந்த உதாரணத்தில் ‘என்’ கடைசியில்தான் இருந்தது. ஒன்று நிரலைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அக்காவிடம் சொல்லி உதாரணத்தை மாற்ற வேண்டும். நான்கு மேசை தள்ளி அவள் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆறே கால் படத்துக்கு நண்பர்கள் டிக்கெட் எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். எந்தப் படம் என்பதுகூட அவனுக்கு இப்போது ஞாபகமில்லை.

சனிக்கிழமை புதிய பதிப்பு வழக்கம்போலத் தானாக வெளியே போனது. திங்கட்கிழமை காலை, ஒரு குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர், லேபிள்களில் ஏதோ சிக்கலாக இருக்கிறதே, எதற்கும் என்ன மாறும் என்று பார்த்துக்கொள்வோம் என்று அக்காவின் பக்கத்தைத் திறந்து உதாரணத்தை எழுத்துப் பிசகாமல் அப்படியே தட்டினார். அவர் பார்க்க மட்டும்தான் நினைத்தார். கருவி மொத்தத்தையும் மாற்றிவிட்டது. கணினிகள் யாரையும் உள்ளே விடவில்லை. இரண்டு நாள் ஆட்கள் தெருத் தெருவாகப் போய்க் கையால் வால்வைத் திருக வேண்டியிருந்தது.

புதன்கிழமை கண்ணாடி அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். மேலாளருக்கு அலுவலகத்தில் ‘பார்க்கலாம் சார்’ என்று பெயர். விடுப்புக் கேட்டாலும், தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றாலும் அந்த ஒரே பதில்தான் வரும். அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லவில்லை. நேராக அவனைப் பார்த்துக் கேட்டார்.

“இப்படி மாறியிருக்குன்னு எழுதுறவங்களுக்குச் சொன்னியா, சொல்லலையா?”

எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அவனுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. “என் தம்பின்னு எடுக்க வேண்டாம் சார், பரீட்சை வச்சு எடுங்க” என்று சொல்லி அவனை அங்கே கொண்டுவந்தவள் அக்காதான்.

“சொல்லிட்டேன் சார். வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன்.”

அக்கா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். இதோ, இல்லையே என்று சொல்லப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் முகத்தில் கோபமே இல்லை. சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவளைப் போல அவன் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு மேலாளரிடம், “சொல்லியிருப்பான் சார். நான்தான் விட்டுட்டேன்,” என்றாள்.

தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று அவன் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதற்கு நன்றி சொல்லக்கூட ஒரு நாள் அவள் மேசைக்குப் போனான். அவள் புது நோட்டு ஒன்றுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். “இனிமே யார் என்ன சொன்னாலும் இதுல எழுதிடப் போறேன்டா. எனக்கு இப்பல்லாம் ஞாபகமே நிக்கிறதில்ல,” என்றாள். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, அவள் நம்பிவிட்டாள் என்று. அவனையும் தன்னையும் நிறுத்துப் பார்த்து, தம்பி பொய் சொல்ல மாட்டான், ஆகவே தனக்குத்தான் மறந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள். அவன் நன்றியைச் சொல்லாமல், பேனா கேட்க வந்ததாகச் சொல்லி ஒரு பேனாவை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

அதன்பிறகு அவள் எழுதுவதைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே விட்டார்கள். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஞாபகம் சரியில்லாத ஆள் இந்த வேலையில இருக்கக்கூடாது” என்று அக்காவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் போனாள். வண்டியில் கூட்டிக்கொண்டு போனது அவன்தான். உள்ளே அவளைப் படுக்கவைத்து இயந்திரத்துக்குள் தள்ளிய இருபது நிமிடமும் வெளியே உட்கார்ந்து ஒரு பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தான். “ஒண்ணுமில்லையாம்டா. நல்லாத்தான் இருக்காம்,” என்று வெளியே வந்தவளின் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் காரணமாவது கிடைத்திருக்கும் என்பதுபோல இருந்தது.

அந்தக் கருவி அந்த அலுவலகத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. எங்கெங்கோ இருக்கும் பலரும் சம்பளம் வாங்காமல் சேர்ந்து பராமரிப்பது. அக்கா வீட்டில் இருந்தபடியே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புவாள்.

*

மதியம் மூன்றரைக்கு அவன் ஏழாவது உதாரணத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். பழைய இயந்திரம் மூச்சு முட்டி முட்டி வேலை செய்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தான். பதினொரு மணிக்குப் பிறகு அவள் விழிக்கவில்லை. அத்தான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தார். குளிர்கிறது என்று காலையில் அவள் சொன்னதிலிருந்து அவர் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

ஏழாவதும் சரியாக வந்தது. எட்டாவதற்கு விரலை வைத்தபோது, “மாமா,” என்று அக்கா மகள் கதவருகில் வந்து நின்றாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். “ஒரு நிமிஷம் வாங்களேன்.”

அவன் போனபோது அக்காவின் வாய் சற்றுத் திறந்திருந்தது. ஏதோ சொல்ல ஆரம்பித்து, எப்படிச் சொல்வது என்று யோசிப்பவளைப் போல இருந்தாள். அத்தான் இன்னும் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, “போதும் சார், விடுங்க,” என்று சொல்லும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எல்லாம் அவன் தலையில்தான் விழுந்தது. யார் யாருக்குத் தகவல் சொல்வது, எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எத்தனை நாற்காலி. அவன் ஒன்றையும் விடாமல் செய்தான். “உன்னைத்தான்டா நம்பியிருக்கேன்,” என்று அத்தான் தோளில் கை வைத்தபோது, வண்டிக்காரர் கூப்பிடுகிறார் என்று சொல்லி வாசலுக்குப் போய்விட்டான். வாசலில் வண்டியும் இல்லை, வண்டிக்காரரும் இல்லை.

*

மறுநாள் தகன மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். பழைய அலுவலகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். அத்தானோடு வேலை பார்ப்பவர்கள், எண்ணெய்க் கறை போகாத நகங்களோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். யார் வந்தாலும் அத்தான் அவனைக் காட்டி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இவன்தான் கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டான். சாகுற அன்னைக்குக்கூட அவளுக்குப் படிச்சுக் காட்டினான்.”

“கூடப் பிறந்தவன்னா இப்படில்ல இருக்கணும்,” என்றார் பக்கத்து வீட்டு டெய்லரம்மா. “எனக்கும்தான் ஒருத்தன் இருக்கானே, போன் பண்ணினா சார்ஜ் இல்லம்பான்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். துக்கத்தில் குனிகிறான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். டெய்லரம்மா அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, ‘பார்க்கலாம் சார்’ வாகனம் நிறுத்துமிடத்தில் தனியாக நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. சட்டைக்குள் ஆள் சிறுத்திருந்தார்.

“சார், ஒரு விஷயம்,” என்று அவன் ஆரம்பித்தான். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. இரண்டு நாளாகத் தூங்காததாலும் இருக்கலாம். “அந்தக் குடிநீர் ஆபீஸ் விஷயத்துல… நான் அக்காகிட்டச் சொல்லவே இல்ல சார்.”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தெரியும்பா.”

“சார்?”

“தெரியும்னா, தெரியும்னு இல்ல. ஒரு சந்தேகம். அந்தம்மா அத்தனை வருஷத்துல ஒரு புள்ளி விட்டதில்ல. நீ சொன்னதும் அவங்க முழிச்ச முழியைப் பார்த்தேன் இல்ல?” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா அந்த டூலுக்கு அப்ப உன்னை விட்டா யாரு இருந்தா, சொல்லு. எழுதுறதுக்கு வேற ஆள் பிடிச்சுக்கலாம்னு நினைச்சேன்.”

எதிரில் ஒரு கார் பின்னோக்கி வருவதற்கு இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறேன் சார். அது என் தப்புதான்னு. அவங்க ரெக்கார்டுல மாத்தணும்.”

“இப்ப எதுக்குப்பா? அந்த வெர்ஷனையே இன்னைக்கு யாரும் வச்சிருக்க மாட்டாங்க. அந்த ரெக்கார்டு எந்த மூலையில கிடக்குதோ.” அவன் முகத்தைப் பார்த்தார். கார் சாவியைச் சட்டைப் பையில் தேடி, பேன்ட் பையில் கண்டுபிடித்து எடுத்தார். “பார்க்கலாம்,” என்றார்.

*

வீட்டுக்கு வந்து எல்லோரும் குளித்து முடித்த பிறகு, அவன் பழைய இயந்திரத்தின் முன் உட்கார்ந்து எட்டாவதையும் ஒன்பதாவதையும் ஓட்டினான். எட்டாவதில் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தது. அதை எடுத்தான். இரண்டும் சரியாக வந்தன. எழுதியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டு அனுப்பினான். முகம் தெரியாத யாரோ ஒருவரிடமிருந்து பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: சேர்த்துவிட்டோம், வழக்கம்போலத் திருத்த ஒன்றுமில்லை.

“மாமா.”

அக்கா மகள் ஈரத் தலையோடு வந்து, அக்காவின் அறையிலிருந்து இங்கே நகர்த்திப் போட்டிருந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். படுக்கையை உருவியிருந்ததால் மெத்தை வெறுமையாகக் கிடந்தது. கையில் நோட்டு. இந்த வருடம் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள், ஐந்து மாதமாக அதையும் நிறுத்தி வைத்திருந்தாள்.

“அலமாரியில இது மாதிரி பதினாலு நோட்டு இருக்கு மாமா. அம்மா ஒண்ணையும் தூக்கிப் போடல. இது கடைசி. இதுல கடைசி வரி உங்க கையெழுத்து.” விரலை வைத்துக் காட்டினாள். “வெள்ளிக்கிழமை, கேண்டீன். என்ன மாமா இது? நேத்து வெள்ளிக்கிழமையே இல்லையே.”

ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா ஏதோ பிதற்றினாள், எழுதச் சொன்னாள், எழுதினேன் என்றால் அவள் நம்பியிருப்பாள். வாய்வரைக்கும் வந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்பதைக் கண்டு அவனுக்கே கூசியது.

முதலிலிருந்து சொன்னான். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததை, படத்துக்குப் போனதை, கண்ணாடி அறையை, வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன் என்றதை, நேற்றுக் காலை கேண்டீன் என்று சொன்னதை. சொல்லும்போது திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நோட்டின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள், மறுபடி மடித்தாள்.

“கேண்டீன்னு சொன்னதும் அம்மா என்ன சொன்னாங்க?”

“சிரிச்சாங்க. நிம்மதியா இருக்குன்னாங்க.”

“ஓ.”

சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். “ஸ்கூல்ல படிக்கும்போது லேட்டா வந்தேன்னா, ஸ்பெஷல் கிளாஸ்னு காலையிலயே சொன்னேனேம்மா, நீதான் மறந்துட்டேன்னு சொல்லுவேன். மார்க் குறைஞ்சா, அன்னைக்கே காட்டிட்டேனேம்பேன். அம்மா உடனே நோட்டை எடுத்துப் புரட்டுவாங்க. இருக்காது. இருந்தாத்தானே? அப்புறம் என்கிட்ட வந்து, ‘சாரிடா கண்ணு, எழுதாம விட்டிருக்கேன்’பாங்க.” நோட்டைப் புரட்டி மூடினாள். “அது வேலை செய்யும்னு எனக்குத் தெரியும் மாமா. அதனாலதான் சொல்லுவேன். என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன். எங்கம்மாகிட்ட என்ன வேணா சொல்லலாம்னு.”

“நீ சின்னப் பொண்ணு. உனக்குத் தெரியாது.”

“நீங்க அப்ப சின்னப் பையனா?”

அவள் கேட்டதில் கோபம்கூட இல்லை, கணக்குக் கேட்பதுபோல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“பதினாலு நோட்டு,” என்றாள் அவள். “ராத்திரி சாப்பிட்டதும் உட்கார்ந்து எழுதுவாங்களே. நாங்க டிவி பார்ப்போம். அந்த நேரத்துல ஏதாவது பேசினா, இரு இரு, மறந்துடுவேன்பாங்க.” எழுந்து நோட்டை மேசையில், அவன் கைக்கு எட்டுமிடத்தில் வைத்தாள். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிடுங்க.”

“அவர் இருக்கிற நிலைமையில… இன்னைக்கேவா?”

“பின்ன எப்ப? திங்கட்கிழமையா?”

சொல்லிவிட்டு அவளே அதிர்ந்துபோனதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளியே போகத் திரும்பியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் செஞ்சதை நான் சொல்லிக்கிறேன். நாளைக்கு இல்ல, நீங்க சொல்லி முடிச்சதும். முதல்ல நீங்க போங்க மாமா.”

அவன் எழுந்தான். கூடத்தில் அடுக்கிவைத்த வாடகை நாற்காலிகளைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்கதவைத் திறந்தான். வெயில் இறங்கியிருந்தது. அத்தான் சுவரோரத்து மர பெஞ்சில், குளித்துவிட்டு மாற்றிக்கொண்ட சட்டையின் பொத்தான்கள் துளை மாறியிருக்க உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பில்லை. கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லலாம், சொல்லலாம். முதல்ல உட்காரு. ரெண்டு நாளா நின்னுக்கிட்டே இருக்க, கால் என்னத்துக்கு ஆகும்?” என்று பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, காலியான இடத்தில் இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.